கிராபிக்ஸ் கார்டில் மைனிங்: எத்தனை டிகிரி வரை பாதுகாப்பு?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் கடற்கரையில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பகுதிகளிலும், ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா நகரங்களை உள்ளடக்கிய மேட்டு நிலத்தில் லெனேஷியா, லாடியம் பகுதிகளிலும், வீட்டுக் கராஜிலோ அவுட்பில்டிங்கிலோ கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து கிரிப்டோ மைனிங் (கணினிக் கணக்குகளைத் தீர்த்து மின்நாணயம் ஈட்டுவது) செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எல்லா வெப்ப அளவுகளும் செல்சியஸ் டிகிரியில் உள்ளன. இவை இரவு பகலாக ஓடும் கார்டுகளுக்கானவை. மாலையில் இரண்டு மணி நேரம் விளையாட்டு ஆடும் கணினிக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை.

முதலில் எண்களை மட்டும் சொல்லுங்கள். எவ்வளவு வரை ஓட்டலாம்?

கோர் எனப்படும் முதன்மைச் சிப்பின் வெப்பநிலை 65 டிகிரிக்குள் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. 70 வரை ஏற்றுக்கொள்ளலாம். 75ஐத் தாண்டி நின்றால் அதற்கான காரணத்தைத் தேட வேண்டும். ஹாட்ஸ்பாட் எனப்படும் உச்சப் புள்ளி 85க்குள் இருப்பது நல்லது. மெமரியைப் பொறுத்தவரை, சாதாரண ஜிடிடிஆர்6 வகை 85 முதல் 90க்குள்ளும், அதிகம் சூடாகும் ஜிடிடிஆர்6எக்ஸ் வகை 95க்குள்ளும் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். கோரையும் மெமரியையும் ஒருசேரக் கவனிக்க நேரமில்லை என்றால், மெமரியைக் கவனியுங்கள் என்பதே என் அறிவுரை.

தயாரிப்பாளரே 93 டிகிரி வரை தாங்கும் என்கிறார். அப்படியிருக்க ஏன் 65, 70 என்று குறைக்கச் சொல்கிறீர்கள்?

ஆர்டிஎக்ஸ் 3080க்கு என்விடியா தரும் உச்ச வரம்பு 93 டிகிரி. ஆர்டிஎக்ஸ் 4090க்கு 90. ஏஎம்டி நிறுவனம் ஆர்எக்ஸ் 5700 தலைமுறை முதல் ஹாட்ஸ்பாட் 110 டிகிரி வரை செல்வது இயல்பே என்று 2019ஆம் ஆண்டிலேயே விளக்கம் அளித்திருக்கிறது. இந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் அவை, சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் எல்லையைக் குறிக்கின்றனவே தவிர, ஆண்டுக்கணக்கில் அந்த வெப்பத்தில் வைத்திருங்கள் என்று பரிந்துரைக்கவில்லை.

மேலும், மைனிங் செய்யும் கார்டில் முதலில் பழுதாவது பெரும்பாலும் சிப் அன்று. மின்விசிறியின் பேரிங் தேய்கிறது, சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் (பசை) காய்கிறது, மெமரி முதலியவற்றின் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேட் (மெத்தை) எண்ணெயை இழந்து இறுகுகிறது, கெப்பாசிட்டர் தளர்கிறது. திரவ வகைக் கெப்பாசிட்டர்களைப் பற்றிப் பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் கணக்கு ஒன்று உண்டு: வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கார்டில் உள்ள திண்ம வகைக் கெப்பாசிட்டர்களுக்கு வெப்பம் குறைவதால் கிடைக்கும் நன்மை இதைவிடவும் அதிகம். எனவே 85 டிகிரியில் ஓடும் கார்டை 65க்குக் கொண்டுவருவதால் நீங்கள் காப்பாற்றுவது சிப்பை மட்டுமல்ல, அதைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும்தான்.

திரையில் மூன்று வெப்பநிலைகள் காட்டப்படுகின்றன. எதை நம்புவது?

மூன்றையும் நம்பலாம், மூன்றும் வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன. கோர் எண் சிப்பின் பொதுவான நிலையைக் காட்டுகிறது. ஹாட்ஸ்பாட் என்பது அதே சிப்பில் பல இடங்களில் பதிக்கப்பட்ட உணரிகளில் மிக அதிகமாகக் காட்டும் ஒன்றின் அளவு. இவ்விரண்டுக்கும் இடையே 10 முதல் 15 டிகிரி இடைவெளி இருப்பது வழக்கம். அது 25ஐத் தாண்டினால் பேஸ்ட் காய்ந்துவிட்டது, அல்லது ஹீட்சிங்க் (வெப்பத்தை உறிஞ்சி வெளியேற்றும் உலோகப் பகுதி) சிப்பின் மேல் சமமாக உட்காரவில்லை என்று கொள்ளலாம். கோர் 62 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கையில் ஹாட்ஸ்பாட் 95ல் நிற்கும் கார்டுகள் உண்டு. கோரை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

மூன்றாவது எண் மெமரியினுடையது. எந்த நாணயத்தை மைனிங் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எந்த எண் முதலில் எகிறும் என்பது மாறும். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் மைனிங்கைக் கைவிட்ட பிறகும், அதன் பழைய முறையை ஒட்டிய எத்தீரியம் கிளாசிக் போன்றவை மெமரியையே வாட்டுகின்றன. ரேவன்காயின் போன்றவற்றில் கோருக்கும் கடும் வேலை உண்டு. ஆகவே நாணயத்தை மாற்றினால் வெப்பநிலைகளைப் புதிதாகப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். விண்டோஸில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ, லினக்ஸ் சார்ந்த ரிக்குகளில் (பல கார்டுகள் பூட்டிய மைனிங் கணினிகளில்) ஹைவ்ஓஎஸ் ஆகியவை பெரும்பாலான கார்டுகளின் அளவுகளைக் காட்டும். ஆனால் எல்லாக் கார்டுகளும் எல்லா அளவுகளையும் வெளியிடுவதில்லை: பல ஜிடிடிஆர்6 என்விடியா கார்டுகளில் மெமரி வெப்பநிலை தெரியாது, ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் ஹாட்ஸ்பாட் காட்டப்படுவதில்லை. அத்தகைய கார்டுகளில் கோரை 60க்குள் வைத்துக்கொள்வது விவேகம்.

என் 3080 கார்டில் கோர் 58தான், மெமரி மட்டும் 108. இது எப்படி?

ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகளில் இது நன்கு அறியப்பட்ட குறை. அவற்றில் உள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி வேகமானது. அதே அளவுக்கு மின்சாரத்தையும் விழுங்குகிறது. விளையாட்டில் அது விட்டுவிட்டு உழைக்கிறது. மெமரியைச் சார்ந்த மைனிங்கிலோ ஒரு நொடியும் ஓய்வதில்லை. பல தயாரிப்புகளில் மெமரிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே வைக்கப்பட்ட தெர்மல் பேட் இந்தச் சுமையை எண்ணி அமைக்கப்பட்டதன்று. 3090 கார்டில் நிலைமை இன்னும் கடினம்: அதன் 24 மெமரி சிப்புகளில் 12 கார்டின் பின்புறத்தில் இருக்கின்றன, அங்கே விசிறியின் காற்று நேராகப் படுவதில்லை, பின்தகடு மட்டுமே துணை.

110 டிகிரியை எட்டியதும் கார்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹேஷ்ரேட் எனப்படும் மைனிங் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. இந்த வகை மெமரி, தரவில் பிழை நேர்ந்தால் அதைத் தானே கண்டறிந்து மீண்டும் அனுப்பும் திறன் கொண்டது. அதனால் ஓவர்கிளாக்கை (இயல்பைவிடக் கூட்டிவைத்த வேகத்தை) ஏற்ற ஏற்ற, கார்டு முடங்காமலேயே ஹேஷ்ரேட் குறையத் தொடங்கலாம். அந்தக் கட்டத்தில் மெமரி வேகத்தைச் சற்றுக் குறைத்தால் வெப்பமும் குறையும், வருமானமும் கூடும்.

பேட் மாற்றுவதற்கு முன் செய்யக்கூடிய எளிய வேலைகள்: மெமரி ஓவர்கிளாக்கைக் குறையுங்கள், பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்திறனின் வரம்பை) குறையுங்கள், 3090 என்றால் பின்தகட்டின் மேல் ஒரு விசிறியைத் திருப்பிவையுங்கள்.

தெர்மல் பேடை நானே மாற்றலாமா?

பொறுமை இருந்தால் மாற்றலாம். கார்டின் ஓரத்தில், மெமரி சிப்புகளை ஒட்டி, எண்ணெய் பூசியது போல ஒரு பளபளப்பு கசிந்திருப்பதைப் பார்த்தால் பேடில் இருந்த சிலிகான் எண்ணெய் வெளியேறத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் உடனடி ஆபத்து இல்லை. ஆனால் அது தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஹீட்சிங்கைக் கழற்றினால் பழைய பேட் பொடியாக உதிர்வதையும் காணலாம்.

இதில் பலர் தவறவிடுவது பேடின் தடிமன். ஒரே கார்டிலேயே மெமரிக்கு ஒரு தடிமனும் மின்சுற்றுப் பகுதிக்கு வேறு தடிமனும் இருக்கும். அரை மில்லிமீட்டர் கூடுதலாக வைத்துவிட்டால் மெமரி குளிரும். ஆனால் ஹீட்சிங்க் சிப்பைச் சரியாகத் தொடாமல் ஹாட்ஸ்பாட் 100ஐத் தாண்டும். உங்கள் கார்டின் துல்லியமான மாடலுக்குரிய தடிமனைத் தெரிந்துகொள்ளாமல் கழற்ற வேண்டாம். பிரிட்டோரியா, ஜோஹன்னஸ்பர்க் பகுதிகளில் குளிர்காலக் காற்று மிகவும் வறண்டது. உடலில் நிலைமின் எளிதில் சேரும். கார்டைத் தொடும் முன் மண்ணிணைப்பு உள்ள உலோகம் ஒன்றைத் தொட்டுவிடுங்கள்.

டர்பனில் இருக்கும் என் அண்ணன் கார்டு 60, லெனேஷியாவில் என் கார்டு 64. ஒரே மாடல், ஒரே அமைப்பு. என்னுடையதில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. இந்தக் கேள்விதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமானது என்று கருதுகிறேன். ஏனெனில் கார்டின் வெப்பநிலையைத் தனி எண்ணாகப் பார்ப்பதால்தான் பாதிக் குழப்பங்கள் உண்டாகின்றன. கார்டைத் தொடும் காற்று எத்தனை டிகிரி, அதற்கு மேல் கார்டு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். காற்று 30, கோர் 60 என்றால் உயர்வு 30. அந்த உயர்வுதான் கார்டின் நலத்தைச் சொல்கிறது. மற்றது உங்கள் அறையின் நிலையைச் சொல்கிறது.

ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி டர்பனில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. விசிறி அதே வேகத்தில் சுழன்று அதே கன அளவுக் காற்றைத் தள்ளினாலும், வெப்பத்தைச் சுமந்து செல்லும் காற்றின் எடை குறைந்துவிடுகிறது. அதனால் கடலோரத்தில் 30 டிகிரி உயர்வு காட்டும் கார்டு மேட்டு நிலத்தில் 34, 35 காட்டினால் வியப்பதற்கில்லை. மேட்டு நிலத்தின் கோடை டர்பனைவிட மிதமானது என்பதால் இறுதிக் கணக்கில் இரண்டும் ஓரளவு சரியாகிவிடும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: கார்டுகளுக்குக் காற்று நுழையும் இடத்தில் ஒரு மலிவான தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, கார்டு புதிதாக அல்லது சுத்தம் செய்த நிலையில் இருக்கும்போது அதன் உயர்வைக் குறித்து வையுங்கள். அதே மின்னளவு, அதே விசிறி வேகம் இருக்க, சில மாதங்களில் உயர்வு 30லிருந்து 38 ஆனால் தூசியோ பேஸ்டோ காரணம். உயர்வு மாறாமல் கார்டு மட்டும் சூடானால் அறையின் காற்றோட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். கார்டைப் பிரித்து மேய்வதில் பயனில்லை.

எந்த மாதங்களில் அதிகக் கவனம் தேவை?

தைப்பூசக் காவடி எடுக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே டர்பனில் மிகவும் வெப்பமானவை. வெளியே நிழலில் 28 டிகிரி என்றால், துத்தநாகத் தகடு வேய்ந்த அவுட்பில்டிங்குக்குள் 38 வரை போகலாம். ஆடி மாதம் இங்கே குளிர்காலம் என்பதால் பலர் விசிறி வேகத்தைக் குறைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆனால் குளிர்காலத்திலும் ஆகஸ்டை ஒட்டியும், உள்நாட்டு மலைகளிலிருந்து இறங்கும் பெர்க் காற்று வீசினால், ஒரே பகலில் வெப்பம் 30ஐத் தாண்டிவிடும். எனவே விசிறி வேகத்தை நிலையான எண்ணாக வைக்காமல், வெப்பநிலைக்கேற்பத் தானே கூடிக் குறையுமாறு அமையுங்கள். கோர் 75 அல்லது மெமரி 104 ஆனால் மைனிங் தானே நிற்கும் என்ற கட்டளையையும் மென்பொருளில் பதிந்துவையுங்கள்.

அறைக்கு எவ்வளவு காற்று வேண்டும்?

கார்டுகள் இழுக்கும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிவருகிறது. ஆறு கார்டு ரிக் ஒன்று 900 வாட் இழுத்தால், அந்த அறையில் 900 வாட் ஹீட்டர் ஒன்று இரவு பகலாக எரிகிறது என்றுதான் பொருள். அறைக்குள் வரும் காற்றைவிட வெளியேறும் காற்று 10 டிகிரி மட்டுமே கூடுதலாக இருக்க வேண்டும் என்றால், டர்பனில் மணிக்கு ஏறத்தாழ 270 கன மீட்டர் காற்று தேவை. ஜோஹன்னஸ்பர்க்கில் அதே வேலைக்கு 330 கன மீட்டர் தேவை. உயர்வை 5 டிகிரியில் நிறுத்த விரும்பினால் இரட்டிப்பாக்குங்கள்.

அந்தக் காற்று அறையைக் கடந்து வெளியேற வேண்டும். மூடிய அறைக்குள் மேசை விசிறியைச் சுழலவிடுவதால் அதே சூடான காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும். நுழைவழியைத் தாழ்வாகவும், வெளியேற்றும் விசிறியை எதிர்ச் சுவரில் உயரமாகவும் அமைப்பது நல்லது.

ஏசி போட்டுவிட்டால் போதாதா?

செலவு ஒருபுறம் இருக்க, கடற்கரையில் இதில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. கோடையில் டர்பன் காற்றில் ஈரப்பதம் மிகுதி. அறையை 18 டிகிரிக்குக் குளிரவைத்துவிட்டு, மின்சாரம் போனதும் கதவைத் திறந்தால், குளிர்ந்த உலோகத்தின் மேல் வெளிக்காற்றின் ஈரம் நீராகப் படியும். கார்டு ஓடிக்கொண்டிருக்கும்வரை அது சுற்றுக்காற்றைவிடச் சூடாக இருப்பதால் நீர் படியாது. அணைந்து குளிர்ந்த கார்டில்தான் படியும். ஏசி கட்டாயம் வேண்டுமென்றால் 25க்குக் கீழே கொண்டுபோக வேண்டாம்.

உப்புக் காற்று, தூசி, பூச்சி?

கடலுக்கு அருகில் உள்ளோர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் சுத்தம் செய்ய வேண்டும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் இணைப்பு ஊசிகள் பச்சை பூக்கும். நுழைவழியில் மெல்லிய வலை கட்டுங்கள். வெதுவெதுப்பைத் தேடி வரும் வீட்டுப் பல்லி மின்சுற்றின் குறுக்கே விழுந்தால் கார்டும் போகும், பல்லியும் போகும்.

லோட் ஷெடிங்கில் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும்போது) விசிறி திடீரென நின்றால் கார்டு வெந்துபோகுமா?

போகாது. மின்சாரம் நிற்கும் அதே கணத்தில் கார்டு வெப்பத்தை உண்டாக்குவதும் நின்றுவிடுகிறது. மிச்சமிருக்கும் வெப்பத்தை ஹீட்சிங்க் உறிஞ்சிக்கொள்ளும். கவலைப்பட வேண்டியவை வேறு இரண்டு.

ஒன்று, சூடேறிக் குளிர்வதன் எண்ணிக்கை. சிப்புக்கு அடியில் உள்ள நுண்ணிய சால்டர் குண்டுகள், சிப்பும் பலகையும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், ஒவ்வொரு முறையும் சிறிது களைப்படைகின்றன. இடைவிடாமல் 65ல் ஓடும் கார்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. 2022, 2023ஆம் ஆண்டுகளில் ஆறாம் நிலை லோட் ஷெடிங் நடந்தபோது ஒரே நாளில் பல முறை அணைந்து எழுந்த கார்டுகள் பட்ட பாடு அதிகம். ஓட்டத்தின் வெப்பநிலை எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ, அவ்வளவு சிறியதாக இருக்கும் ஒவ்வோர் ஏற்ற இறக்கமும். நான் 65ஐ வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். 2024 மார்ச் இறுதியிலிருந்து நிலைமை பெரிதும் தேறியது என்றாலும், 2025ன் தொடக்கத்தில் சில நாட்கள் லோட் ஷெடிங் திரும்பி வந்ததை மறக்க வேண்டாம்.

மற்றொன்று, மின்சாரம் திரும்பும்போது வரும் மின்னழுத்தத் தாவல். கணினியின் அடிப்படை அமைப்புப் பகுதியான பயாஸில், மின்சாரம் வந்ததும் தானே துவங்கும் ஏற்பாட்டை நிறுத்திவைத்து, ஐந்து பத்து நிமிடம் கழித்துத் துவக்குங்கள். வீட்டில் ஆள் இருக்க இயலாது என்றால், தாமதித்து இணைக்கும் மின்காப்புக் கருவி ஒன்றைப் பொருத்துவது நல்ல முதலீடு. வீட்டுக்கென்று வாங்கிய இன்வெர்ட்டரில் ரிக்கை ஓட்டாதீர்கள். பேட்டரியின் ஆயுள்தான் கரையும்.

வருமானம் குறையாமல் வெப்பத்தைக் குறைக்க வழி உண்டா?

உண்டு, எல்லா வழிகளிலும் இதுவே சிறந்தது. சிப் இழுக்கும் மின்திறன் அதன் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடுகிறது. ஆகவே மின்னழுத்தத்தைப் பத்து விழுக்காடு குறைத்தால் அந்த வகையில் மட்டுமே மின்திறன் ஏறத்தாழ 19 விழுக்காடு குறையும். ஆர்டிஎக்ஸ் 3070 பெட்டியிலிருந்து எடுத்தபடியே 220 வாட் கார்டு. எத்தீரியம் கிளாசிக் போன்ற மெமரி சார்ந்த வேலையில் கோர் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் இறக்கி அதை 120 முதல் 130 வாட்டுக்குள் ஓட்டலாம். ஹேஷ்ரேட் அநேகமாகக் குறைவதில்லை. மின் நிறுவனமான எஸ்காமின் கட்டணம் 2023 ஏப்ரலில் 18.65 விழுக்காடும் 2024 ஏப்ரலில் 12.74 விழுக்காடும் உயர்ந்த நாட்டில், இதைச் செய்யாமல் மைனிங் செய்வது பணத்தை வெப்பமாக்கி வெளியே விடுவதாகும்.

படிப்படியாக இறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு முழு நாள் ஓடவிட்டு, தவறான ஷேர் (கார்டு அனுப்பும் பிழையான விடை) கூடுகிறதா என்று பாருங்கள்.

விசிறியை நூறு விழுக்காட்டில் ஓட்டினால்?

வெப்பம் நாலைந்து டிகிரி குறையும். விசிறி சீக்கிரம் தேயும். 70 விழுக்காட்டுக்கு மேல் நிரந்தரமாகத் தேவைப்பட்டால் மின்னளவைத்தான் குறைக்க வேண்டும்.

45 டிகிரியில் ஓடினால் இன்னும் நல்லதா?

கெடுதல் இல்லை. 60லிருந்து 45க்கு இறக்கக் கூடுதல் செலவு செய்வதால் பெரிய பலனும் இல்லை.

கார்டு 60தான் காட்டுகிறது, ஆனால் கருகல் வாடை வருகிறது. என்ன செய்வது?

உடனே டிபி போர்டில் (வீட்டின் மின்பகிர்வுப் பலகையில்) மின்சாரத்தை நிறுத்துங்கள். கார்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உணரி எதுவும் இல்லாத இடம் ஒன்று வேகிறது. பெரும்பாலும் அது ரைசருக்கு (கார்டைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் நீட்டிப்புக்கு) மின்சாரம் தரும் சாட்டா இணைப்பாக (ஹார்ட் டிஸ்குக்கான சிறு மின்முனையாக) இருக்கும். சாட்டா முனை 12 வோல்ட்டில் 54 வாட்டுக்கு மட்டுமே உரியது; ரைசர் வழியாகக் கார்டு 66 வாட் வரை இழுக்க உரிமை பெற்றிருக்கிறது. எனவே சாட்டாவிலிருந்து மாற்றித் தரும் சிறு கேபிளை எந்த ரைசரிலும் பயன்படுத்தாதீர்கள். ஆறு ஊசி கேபிளை மின்வழங்கியிலிருந்து நேராகக் கொண்டுவாருங்கள்.

அடுத்து சந்தேகிக்க வேண்டியது சுவர்ப் பிளக். 16 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் 3,680 வாட் தாங்கும் என்பது கணக்கு. இரவு பகலாக ஓடும் சுமைக்கு 2,500 வாட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. மல்டிபிளக் மேல் மல்டிபிளக் செருகும் பழக்கம் கராஜுக்குள் அறவே கூடாது. அறை வாசலில், உள்ளே நுழையாமலேயே எட்டும் இடத்தில், கரியமில வாயு அல்லது உலர் தூள் வகைத் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பழுப்பேறிய அல்லது உருகிய இணைப்பைக் கண்டால், கேபிளை மட்டும் மாற்றுவது போதாது. ஒருமுறை சூடான உலோகப் பிடிப்பு இளகிப்போயிருக்கும். புதிய கேபிளை அதில் செருகினாலும் மீண்டும் அதே இடம் சூடாகும். செருகும் முனை, ஏற்கும் முனை இரண்டையும் மாற்றுங்கள். ரைசர் என்றால் ரைசரையே மாற்றுங்கள்.